சென்னையில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை: மதியம் ஒன்றரைக்கு மேல் என்ன செய்யலாம்?

செங்கத்துக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலை ஷிப்ட் என்பதால் மதியம் ஒன்றரைக்கு வகுப்பு முடிந்துவிடும். திருவல்லிக்கேணியில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். அப்பா ஊரில் விவசாயம் பார்க்கிறார். இந்த வருஷம் மல்லாட்டை (நிலக்கடலை) கைகொடுக்கவில்லை. அதனால் அறை வாடகையையும் மெஸ் செலவையும் இனி நானே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மாதம் ஆறாயிரம் வந்தால் போதும்.

வண்டி இல்லை, லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. நண்பன் ஒருவன் உணவு டெலிவரிக்குக் கூப்பிடுகிறான். இன்னொருவன் தி.நகரில் துணிக்கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்கிறான். டெலகிராமில் ஒரு டேட்டா என்ட்ரி வேலையும் வந்தது, அதற்குப் பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். எதில் இறங்கலாம்? அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும், அது எனக்கு முக்கியம்.

பாரிமுனை எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த 1,500 ரூபாயைக் கட்டாதே. வேலை கொடுக்கிறவர்தான் உனக்குப் பணம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடு.

இந்த டேட்டா என்ட்ரி மோசடி கட்டணத்தோடு நிற்காது. ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கி ஓர் 'ஒப்பந்தம்' அனுப்புவார்கள். மங்கலான பக்கங்களைக் கொடுத்து ஒரு வாரத்துக்குள் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். முடித்துக் கொடுத்ததும் "துல்லியம் போதவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், நஷ்டஈடு கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். பயந்துபோய்ப் பணம் கட்டுகிற பிள்ளைகள் நிறைய. அப்படி மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்.

யூடியூப் லைக் போடு, ஹோட்டலுக்கு ரிவ்யூ போடு என்று வருவதும் இதே ரகம்தான். முதலில் நூறு இருநூறு உன் கணக்கில் நிஜமாகவே போடுவார்கள். நம்பிக்கை வந்தபிறகு "ப்ரீபெய்ட் டாஸ்க்" என்று ஆயிரம், ஐயாயிரம், இருபதாயிரம் எனக் கட்டச் சொல்வார்கள். போனது திரும்பாது.

ராயப்பேட்டை ரைடர் எழுதியது:

நானும் கல்லூரியில் படிக்கும்போதே டெலிவரிக்கு வந்தவன், இன்னும் அதில்தான் இருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன்.

இந்த வேலையில் காசு பார்க்கிற நேரம் இரண்டுதான். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, ராத்திரி ஏழிலிருந்து பத்தரை, பதினொன்று வரை. நீ ஒன்றரைக்குக் கிளம்பி லாகின் செய்வதற்குள் மதிய நேரம் பாதி போயிருக்கும். மூன்றிலிருந்து ஏழு வரை ஆர்டர் குறைவு. ராத்திரி பதினொன்றுக்கு அறைக்கு வந்து படுத்தால் காலை எட்டு மணி வகுப்பில் என்ன கவனம் இருக்கும்? இன்சென்டிவ் கணக்கெல்லாம் நாள் முழுக்க ஓட்டுகிறவனை வைத்துப் போடுவது. நாலு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு அது பெரும்பாலும் எட்டாது.

வண்டியும் இல்லை என்கிறாய். வாடகை இ-ஸ்கூட்டர் கிடைக்கும். ஆனால் வாரம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டும், பரீட்சை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அது ஓடும். சொந்த வண்டி என்றால் லிட்டர் நூறு ரூபாய் பெட்ரோல், அப்புறம் டயர், ஆயில், சர்வீஸ். ஆயிரம் ரூபாய் வந்தால் இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் வருமானம் என்று சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கு எடுத்ததாக இருந்தால், டெலிவரியின்போது விபத்து நடந்தால் கம்பெனி கேள்வி கேட்கும். பாலிசியைப் படித்துப் பார்.

முக்கியமான ஒன்று: "என் ஐடியில் நீ ஓட்டு, கமிஷன் கொடு" என்று யாராவது சொன்னால் போகாதே. விபத்து என்று வந்தால் அந்த ஐடியில் நீ இல்லவே இல்லை.

ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் செயலி சார்ந்த தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தார்கள். நம்மில் பாதிப் பேர் இன்னும் பதியவில்லை. பதிந்துவிடுங்கள்.

வகுப்பறை வாசல் எழுதியது:

தம்பி, கணிதம் படிக்கிறாய், மதியத்துக்கு மேல் நேரம் இருக்கிறது, திருவல்லிக்கேணியில் இருக்கிறாய். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு டெலிவரியா துணிக்கடையா என்று யோசிக்கிறாயே! டியூஷன் எடு. நான் எம்.ஏ. முடிக்கும்வரை டியூஷன் காசில்தான் படித்தேன், இப்போது பள்ளி ஆசிரியை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆள் பிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். ஆப்களில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்காதே. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை, ஸ்டேஷனரி கடை, அபார்ட்மென்ட் வாட்ச்மேன், உன் மெஸ் அக்கா, தெருவில் இஸ்திரி போடுபவர், இவர்களிடம் சொல். "பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், வீட்டுக்கே வருவேன்" என்று ஒரு சீட்டில் எழுதி நம்பரோடு கொடு. உன் துறைப் பேராசிரியர்களிடமும் சொல்லிவை. அவர்களிடம் அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவர்களுக்கு எடுக்க நேரம் இருக்காது. மயிலாப்பூர், ராயப்பேட்டை எல்லாம் உனக்கு நடை தூரம் அல்லது ஒரு பஸ் தூரம். அதற்கு மேல் போகாதே. பயணத்தில் போகும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

கட்டணம்: ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுக்குப் போய் வாரம் மூன்று நாள் எடுத்தால் மாதம் 2,500இலிருந்து 4,000 வரை கேட்கலாம். சிபிஎஸ்இ என்றால் கொஞ்சம் கூட. ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளை ஒரே வீட்டில் நாலு பேராகச் சேர்த்து எடுத்தால் ஆளுக்கு 600, 700 என்று வரும். ஒரு வீட்டு டியூஷனும் ஒரு சின்னக் குழுவும் இருந்தாலே நீ கேட்கும் ஆறாயிரத்தைத் தொட்டுவிடலாம். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து டிபன் சாப்பிட்டுவிட்டு உட்கார ஐந்து மணி ஆகும். அதற்குள் உன் பாடத்தைப் படித்துவிடலாம், எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பிவிடலாம்.

முதல் நாள் போகும்போது பாடம் நடத்த ஆரம்பிக்காதே. பிள்ளையின் கடைசித் தேர்வு விடைத்தாளை வாங்கிப் பார். பத்தாம் வகுப்பில் இயற்கணிதம் வரவில்லை என்பார்கள். விடைத்தாளைப் பார்த்தால் பின்னத்தில், குறியீட்டில், ஏழாம் வகுப்பிலேயே தடுக்கியிருப்பது தெரியும். அங்கிருந்து ஆரம்பி. அம்மா அப்பா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: காலாண்டில் 35 எடுத்தவன் அரையாண்டில் எவ்வளவு எடுத்தான்? அது 50 ஆனால் அடுத்த இரண்டு வீடுகளை அவர்களே பிடித்துத் தருவார்கள்.

பண விஷயத்தில் கூச்சப்படாதே. மாதத் தொடக்கத்திலேயே, ஐந்தாம் தேதிக்குள் என்று முதல் நாளே பேசிவிடு. "மாசக் கடைசியில தரேம்ப்பா" என்பதை ஒத்துக்கொண்டால் அந்தக் கடைசி வரவே வராது. இன்னொன்று, பொதுத்தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போய்விடுவார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வருமானம் வற்றும். அதற்கு இப்போதே ஏதாவது எடுத்துவை.

முதல் பந்தி எழுதியது:

அந்த ஏப்ரல், மே இடைவெளிக்கு என்னிடம் பதில் இருக்கிறது: கேட்டரிங்.

மதுரையில் ஹாஸ்டலில் இருந்த காலம் முழுக்க நாங்கள் ஒரு செட்டாகக் கல்யாண மண்டபத்துக்குப் பந்தி பரிமாறப் போவோம். சென்னையிலும் அதே கதைதான். ஒரு கான்ட்ராக்டர் இருப்பார், வாட்ஸ்அப் குரூப்பில் "சனி ரிசப்ஷன் 20 பேர், ஞாயிறு காலை 15 பேர்" என்று போடுவார். பேர் கொடுத்தால் போய்விடலாம். நாளைக்கு 500இலிருந்து 800 வரை, கூடவே சாப்பாடு. முதல் நாள் மாலை போய் மறுநாள் மதியப் பந்தி வரை நின்றால் அதற்குத் தனிக் கணக்கு. கருப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, ஷூ நம்முடையது. சில இடத்தில் மேலே போட கோட்டு அவர்களே தருவார்கள்.

வேலை லேசானது இல்லை. சாம்பார் வாளியோடு இலைக்கு இலை குனிந்து நிமிர்ந்தால் ராத்திரி இடுப்பு பேசும். ஆனால் வேலை அன்றைக்கே முடிந்துவிடும், காசு அன்றைக்கோ மறுநாளோ கைக்கு வந்துவிடும். வார நாளில் வகுப்பைத் தொடாது.

இதில் காலண்டர் தெரிந்திருக்க வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை, கான்ட்ராக்டர் போனே எடுக்க மாட்டார். ஆவணி நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் நிறைய, ஆனால் நவம்பர் செமஸ்டர் தேர்வு அதே நேரத்தில் வந்து உட்காரும். அங்கேதான் பையன்கள் தடுமாறுவார்கள். தையும் மாசியும் நம் பக்கம், தேர்வு தூரத்தில் இருக்கும். சித்திரைக் கடைசியும் வைகாசியும் லீவிலேயே வரும். நான் அடுத்த வருஷக் கல்விக் கட்டணத்தை வைகாசி முகூர்த்தங்களில்தான் சேர்த்தேன்.

கான்ட்ராக்டரைப் பற்றி ஏற்கெனவே போய்வந்த பையன்களிடம் விசாரித்துவிட்டுப் போ. போன வாரக் காசைத் தராமல் "அடுத்த வேலைக்கு வா, சேர்த்துத் தரேன்" என்று இழுக்கிறவரிடம் இரண்டாவது தடவை போகக் கூடாது.

ரங்கநாதன் தெரு எழுதியது:

துணிக்கடை பற்றி யாரும் சொல்லவில்லை. தி.நகரில் ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்து தீபாவளி வரை கூடுதல் ஆள் எடுப்பார்கள், பொங்கலுக்கு இன்னொரு சுற்று. ஆனால் பெரும்பாலான கடைகளுக்கு முழுநாள் ஆள் வேண்டும். மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை என்று ஒப்புக்கொண்டால் அதுவே எட்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய பத்து நாளுக்கு மட்டும் போகலாம், மாதம் முழுக்க வேண்டாம்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: தமிழ்நாடு கடைகள் சட்டப்படி நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் என்றால் ஓவர்டைம், இரண்டு மடங்கு கூலி. 2021இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்றும் சேர்த்தார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களின் கால்வலியைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வரியின் அருமை தெரியும். பகுதிநேரமாகப் போனாலும் இதெல்லாம் உங்களுக்கும் உண்டு.

பழைய பேராசிரியர் எழுதியது:

ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியன். எல்லோரும் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். மாணவருக்கு வர வேண்டிய பணம் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

தம்பி, நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வர வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், அது 2022 செப்டம்பரிலிருந்து. இதோடு சாதிவாரி உதவித்தொகைகள், முதல் பட்டதாரிச் சலுகை என்று உங்களுக்குப் பொருந்துவது எது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் பணம் வராமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வங்கிக்கு அலைந்தால் தீரும் விஷயம்.

அப்புறம் அட்டெண்டன்ஸ். 75 குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். அது ஓரளவுதான். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வையே எழுத முடியாது. முடிந்தால் வேலையே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மூன்று வருடம் திரும்ப வராது.

முதல் பந்தி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன உதவித்தொகை விஷயம் அருமை, எனக்கே அப்போது யாரும் சொல்லவில்லை. ஆனால் வேலையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேலைக்குப் போகாவிட்டால் படிப்பையே விட வேண்டியவர்கள் எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேர். அவர்களிடம் எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்றுதான் பேச முடியும்.

பழைய பேராசிரியர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வாரத்துக்கு இருபது மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் துறையில் வேலைக்குப் போய்க்கொண்டே நன்றாகப் படித்தவர்கள் அந்த அளவில் நின்றவர்கள்தான்.

கொங்குப் பெண் எழுதியது:

நானும் இதையே கேட்க நினைத்தேன். கோயம்புத்தூரில் பி.காம். மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டல் கேட் ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கேட்டரிங், டெலிவரி எதுவும் எனக்கு ஒத்துவராது. வகுப்புத் தோழிகள் சிலர் திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை செக்கிங், பேக்கிங் போகிறார்கள். எனக்கு அங்கே போய்வரும் நேரம் கட்டுப்படியாகவில்லை. வேறு என்ன இருக்கிறது அக்கா?

வகுப்பறை வாசல் எழுதியது:

பி.காம். மூன்றாம் ஆண்டு என்றால் ஆடிட்டர் அலுவலகங்களில் கேட்டுப் பாரும்மா. ஜிஎஸ்டி தாக்கல், வருமான வரித் தாக்கல் நேரத்தில் பில் பதிவு செய்ய அவர்களுக்கு ஆள் தேவைப்படும். டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்திருந்தால் உடனே எடுப்பார்கள். காசு அதிகம் வராது, மூவாயிரம் நாலாயிரம் இருக்கும். ஆனால் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும்போது "கையால் செய்திருக்கிறேன்" என்று சொல்ல முடியும். ஹாஸ்டலுக்குப் பக்கத்துத் தெருவிலேயே சின்ன அலுவலகங்கள் இருக்கும், மாலை நாலிலிருந்து ஆறரை வரை வருகிறேன் என்று நேரடியாகப் பேசலாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் இல்லை.

வீட்டுக்குப் போய் டியூஷன் எடுப்பதாக இருந்தால், வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நேரத்தில்தான் வருவேன் என்று முதலிலேயே சொல். கூடத்தில் உட்கார்ந்து எடு. மனசுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால் காரணம் சொல்லாமலே நின்றுவிடலாம்.

தட்டச்சுக்காரர் எழுதியது:

டிடிபி கடை வைத்திருக்கிறேன். தமிழ் தட்டச்சு தெரிந்த கல்லூரிப் பிள்ளை கிடைத்தால் நாளைக்கே வேலை கொடுப்பேன், கிடைப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, ஆய்வேடு, நோட்டீஸ் என்று வேலை இருந்துகொண்டே இருக்கிறது. பழைய எழுத்துருவும் தெரிய வேண்டும், யூனிகோடும் தெரிய வேண்டும், ஒற்றுப்பிழை இல்லாமல் அடிக்க வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து ஜூனியர், சீனியர் தேர்ச்சி பெற்றால் டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் பதவிக்கும் அதுவே ஆகும். காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

பாரிமுனை எழுதியது:

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. கல்லூரிப் பையன்களிடம் இப்போது சுற்றும் மிக ஆபத்தான 'பகுதிநேர வேலை' வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுப்பது.

நண்பனின் நண்பன் வருவான். "ஒரு கணக்கு ஆரம்பித்து ஏடிஎம் கார்டு, பாஸ்புக், சிம் மூன்றையும் கொடு, மாதம் ஐயாயிரம் தரேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பான். அல்லது "உன் கணக்குக்கு ஒரு லட்சம் வரும், எடுத்துக் கொடுத்தால் இரண்டாயிரம் உனக்கு" என்பான். வருவது யாரோ ஒரு ஓய்வூதியக்காரரை போலீஸ் என்று சொல்லி மிரட்டிப் பிடுங்கிய பணம். புகார் போனதும் போலீஸ் முதலில் பார்ப்பது பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதைத்தான். அந்தக் கணக்கில் இருப்பது உன் பெயர், உன் ஆதார், உன் போட்டோ. கணக்கை முடக்குவார்கள், வேறு மாநிலப் போலீஸ் உன் வீட்டுக் கதவைத் தட்டும். எனக்குத் தெரியாது என்று சொன்னாலும் விசாரணை, ஜாமீன், கோர்ட் என்று அலைய வேண்டும். அரசு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அந்த வழக்கு முன்னால் நிற்கும்.

வெளிநாட்டு டேட்டா என்ட்ரி வேலைக்கும் இதே எச்சரிக்கைதான். தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022இல் தமிழ்நாட்டு இளைஞர்களை அங்கிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். படித்த பிள்ளைகள், கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள்தான் இதில் சிக்கினார்கள்.

செங்கத்துக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டெலகிராம் ஆளை பிளாக் செய்துவிட்டேன். மெஸ் அக்காவிடம் டியூஷன் பற்றிச் சொன்னேன், அவர் வாடிக்கையாளர் ஒருவரின் மகள் பத்தாம் வகுப்பு, வரும் திங்கள் போய்ப் பார்க்கிறேன். விடைத்தாளை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். தமிழ்ப் புதல்வனுக்கு அலுவலகத்தில் கேட்டேன், ஆதார் இணைப்புதான் விட்டுப்போயிருக்கிறது.

ஒரு சந்தேகம். என் அறை நண்பன் ஓர் ஆன்லைன் கல்வி நிறுவனத்துக்குக் கணக்குகளுக்கு விடை எழுதித் தருகிறான். வரும் பணத்தில் 10 சதவீதம் பிடித்துக்கொள்கிறார்கள். அது ஏமாற்று வேலையா?

ரங்கநாதன் தெரு எழுதியது:

இல்லை தம்பி, அது டிடிஎஸ். வருமான வரிக்காகப் பிடித்து அவன் பான் எண்ணில் கட்டியிருப்பார்கள். வருமான வரித் தளத்தில் அவன் பெயரில் நுழைந்து 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் அந்தத் தொகை காட்ட வேண்டும். காட்டினால் நல்ல நிறுவனம். காட்டவில்லை என்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். மாணவனின் வருமானம் வரி கட்டும் அளவுக்கு வராது என்பதால், நிதியாண்டு முடிந்ததும் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது முழுக்க வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும். பான் எண் கொடுக்காமல் இருந்தால் 20 சதவீதம் பிடிப்பார்கள், அதனால் பான் இல்லையென்றால் முதலில் அதை எடுக்கச் சொல். ஆதார் இருந்தால் ஆன்லைனிலேயே இ-பான் இலவசமாகக் கிடைக்கும்.